மகரவிளக்கு, மொபைல் டவர், நியூட்ரினோ: முகம் தெரியாதவரோடு மல்லுக்கு நிற்பது எப்படி?

கேள்வி: கம்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 34. டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். வாரம் இரண்டு தடவை குமுளி போய்வருவேன். மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆறேழு மாதமாக யூடியூப், ஃபேஸ்புக் கமெண்டுகளில் யார் யாரோடோ சண்டை. 5ஜி டவரால்தான் குருவி செத்தது என்கிறார் ஒருவர். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வந்தால் தேனி மாவட்டமே கதிர்வீச்சில் அழியும் என்கிறார் இன்னொருவர். சபரிமலை மகரஜோதி தானாகத் தோன்றுகிறது என்கிறார் வேறொருவர். பதில் தெரிந்தும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. படுக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது. நியூட்ரினோ சண்டையில் “மனித உடம்புக்கும் நியூட்ரினோவுக்கும் சம்பந்தமே கிடையாது” என்று எழுதி, உடம்பிலுள்ள பொட்டாசியம்-40ஐ எடுத்துக் காட்டிய ஒரு காலேஜ் பையனிடம் மூக்குடைபட்டேன். போன மாதம், “விளக்கை ஏத்துறது மனுஷன்தான், கும்பிடுறவன் எல்லாம் ஏமாளி” என்று எழுதினேன். 22 வருஷமாக மாலை போடும் என் அப்பாவுக்கு யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. கடை நம்பருக்கும் ஒருவர் போன் போட்டுத் திட்டினார். கேஸ் ஏதும் வருமா? “போனைத் தூக்கி வை” என்கிறாள் மனைவி. பொய் என்று தெரிந்தும் சும்மா இருப்பது சரியா?
— பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சும்மா இருப்பது சரியில்லை என்றுதான் ஆய்வும் சொல்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிலிப் ஷ்மிட், கொர்னேலியா பெட்ஷ் என்ற இரு உளவியலாளர்கள் ஆறு சோதனைகள் செய்து 2019இல் வெளியிட்டார்கள். அறிவியலை மறுப்பவர் ஒருவர் பேசுகிறார். எதிர்த் தரப்பு வாயே திறக்கவில்லை என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மனசில் சேதம் அதிகம். யாராவது பதில் சொன்னால் சேதம் குறைகிறது. எதிராளி சொன்ன விஷயத்துக்குச் சரியான தகவலைத் தந்தாலும் சரி, அவர் பேசுகிற தந்திரத்தை எடுத்துக் காட்டினாலும் சரி, பலன் உண்டு.

அந்தச் சோதனைகளில் யாருடைய மனசை அளந்தார்கள் என்று கவனியுங்கள். மறுத்துப் பேசியவரின் மனசை யாரும் அளக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனசைத்தான் அளந்தார்கள். நீங்கள் ஆறு மாதமாகச் செய்வது இதற்குத் தலைகீழ். எதிரே நிற்பவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறீர்கள். பத்துப் பேர் பார்க்க அவர் “ஆமாம், நான் சொன்னது தப்பு” என்று எழுதப்போவதில்லை. கமெண்டைப் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் எழுதாமல் போகிற ஆள்தான் உங்கள் ஆள். அவருக்காக எழுதினால் உங்கள் நடை மாறும், நீளம் குறையும், வசவு தானாக விழுந்துவிடும்.

“உண்மையைச் சொன்னால் நம்பிக்கை இன்னும் இறுகிப்போகும்” என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு அப்படி ஒரு விளைவைக் கண்டதாகச் சொன்னது உண்மை. பிறகு 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த விளைவு ஏறக்குறைய எங்குமே தென்படவில்லை. ஆகவே திருத்தம் வீண் இல்லை. திருத்தத்தோடு சேர்த்து எறியும் கல்தான் பிரச்சினை.

உங்கள் மூன்று சண்டைகளுக்கு வருவோம். மூன்றையும் ஒரே அரிவாளால் வெட்டுகிறீர்கள். டவர் விஷயம் அளந்து பார்த்துத் தீர்க்கக்கூடியது. நியூட்ரினோவில் பாதி அளந்து பார்க்கும் விஷயம், மீதிப் பாதி ஊர் கூடி எடுக்க வேண்டிய முடிவு. மகரவிளக்கில் ஒரு சின்னத் துண்டுதான் அளக்கக்கூடியது; பெரிய துண்டு கும்பிடுகிறவருக்குச் சொந்தமானது.

டவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் பதில்: “படிக்காத முட்டாள், 5ஜி ஒண்ணும் பண்ணாது, போய் பிசிக்ஸ் படி.” இதில் தகவல் என்று ஒரு சொல்கூட இல்லை. உங்கள் கையில் இருக்கும் தகவலோ கெட்டியானது. இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். 700 மெகாஹெர்ட்ஸிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் அதிர்வெண் சுமார் 550 டெராஹெர்ட்ஸ். அதாவது ஒரு டியூப்லைட் விடும் ஒளித்துகளின் சக்தி, 5ஜி அலையின் துகளைவிட ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். டிஎன்ஏவை உடைக்கிற சங்கதி அதற்கும் மேலே புற ஊதாக் கதிரில்தான் ஆரம்பிக்கிறது. ரேடியோ அலை செய்யக்கூடியது சூடாக்குவது. அதற்குப் பக்கத்தில் நிறையத் திறன் வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, ஆனால் 700 முதல் 1000 வாட் வரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்து. “அடுப்பும் டவரும் ஒரே அலைதானே” என்று எதிராளி கேட்டால், ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத் தூரத்தையும் வாட்டையும் சொல்லுங்கள். ஆமாம் என்று ஆரம்பிக்கிற பதிலை ஜனங்கள் கடைசி வரை படிப்பார்கள்.

அடுத்து அவர் எடுக்கப்போகும் சீட்டு எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். “உலக சுகாதார நிறுவனமே கேன்சர் என்று சொல்லிவிட்டது” என்பார். அது முழுப் பொய்யில்லை. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. 2பி என்றால் ‘இருக்கலாம், ஆதாரம் போதவில்லை’. அதே பிரிவில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும், கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருக்கின்றன (நம் வீட்டு மாவடு அதில் வராது, பயப்பட வேண்டாம்). பதப்படுத்திய இறைச்சி முதல் பிரிவு. இந்த அடுக்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் காட்டுகிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைக் காட்டாது. இந்த நாலு வரி கையில் இருந்தால் அவருடைய பெரிய சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். தெரியாமல் “டபிள்யூஹெச்ஓ அப்படிச் சொல்லவே இல்லை” என்று எழுதினால், ஐந்து நிமிஷத்தில் லிங்க் போட்டு உங்களைப் பொய்யனாக்கிவிடுவார்.

குருவி குறைந்ததை மறுக்காதீர்கள். ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்தால் கூடு கட்ட இடுக்கு இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி வேண்டும், மருந்தடித்த தோட்டத்தில் பூச்சி இல்லை. பார்த்ததைச் சொல்கிறவரிடம் “நீ பார்த்தது பொய்” என்றால் அதோடு பேச்சு முடிந்தது. “பார்த்தது சரி, காரணம் வேறாக இருக்கலாம்” என்றால் தொடரும். வீட்டுப் பக்கத்து டவர்மேல் உண்மையாகவே பயம் உள்ளவருக்கு ஒரு வழியும் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் அந்தந்த டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டணம் கட்டி, நேரில் வந்து அளக்கச் சொல்லியும் கேட்கலாம். கமெண்டில் ஒருவருக்கு இந்த வழியைச் சொன்னீர்கள் என்றால் பத்து வாதத்துக்குச் சமம்.

இன்னொரு உத்தி. 2002இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சாதாரண ஆட்களிடம் ஜிப், கழிவறை ஃப்ளஷ் மாதிரிப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எவ்வளவு தெரியும், மார்க் போடுங்கள் என்றார்கள். தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னதும் தங்கள் மார்க்கைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். ஆகவே “ஏன் நம்புகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குக் காரணம் அடுக்க எல்லோருக்கும் தெரியும். “அலை குருவியை என்ன செய்கிறது, கொஞ்சம் படிப்படியாகச் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். நக்கல் தொனி ஒட்டக்கூடாது. எழுத்தில் அது ஒட்டுவது சுலபம்: கடைசியில் ஒரு சிரிப்பு எமோஜி வைத்தாலே போதும், எல்லாம் கெட்டது.

அந்தப் பரீட்சையில் நீங்களும்தான் தோற்றீர்கள், நியூட்ரினோவில். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற மின்னூட்டமில்லாத நுண்துகள்கள் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிப் போகின்றன. இரவிலும்தான், பூமியைத் துளைத்துக்கொண்டு. நம் உடம்பில் உள்ள பொட்டாசியம்-40 (பொட்டாசியத்தின் கதிரியக்க வகை) சிதைந்து, நாமே நொடிக்குச் சில ஆயிரம் எதிர்நியூட்ரினோக்களை வெளியே விடுகிறோம். நேந்திரம்பழம் சாப்பிடுகிற எவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அந்தக் காலேஜ் பையன் சொன்னது சரி. “சம்பந்தமே கிடையாது” என்ற இடத்தில் “ஏறக்குறைய எதனோடும் மோதாமல் கடந்துபோய்விடும்” என்று எழுதியிருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது. ‘-வே’, ‘-ஏ’, ‘எந்த’, ‘ஒருபோதும்’ என்று சொல்லை இறுக்குகிற இடங்களை அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள். மூக்குடைபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அந்த கமெண்டை அழிக்க வேண்டாம். அழித்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சும். அதற்கடியிலேயே “திருத்தம்: நான் எழுதியது தப்பு, பொட்டாசியம்-40 பற்றி அவர் சொன்னதே சரி” என்று போடுங்கள். வாசிப்பவர் கண்ணில் உங்கள் மதிப்பு அங்கே ஏறும்.

நியூட்ரினோவில் அளக்கும் பாதியும் முடிவெடுக்கும் பாதியும் பிணைந்து கிடக்கின்றன என்றேன். பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவி. மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை, உள்ளே போக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அது வாங்கும் கருவி, விடும் கருவி இல்லை. உங்கள் பாஷையில் சொன்னால் டவர் கிடையாது, ஆன்டெனா. கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இலேயே வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் அது ஒன்று. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே பிழைத்தன. அவர்களுக்கு நோய் தந்தது பாறைத் தூசுதான், நியூட்ரினோ இல்லை. ‘கதிர்வீச்சில் அழியும்’ என்பதற்கு இவ்வளவு போதும்.

ஆனால் ‘ஆகவே திட்டம் வரட்டும்’ என்று அடுத்த வரியில் தாவுகிறீர்களே, அது அறிவியலிலிருந்து தானாக வருவதில்லை. வெடிவைத்துப் பல லட்சம் டன் பாறையை எடுக்க வேண்டும். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டர் சுற்றுக்குள் இருக்கிறது. புலிகள் நடமாடும் மதிகெட்டான்–பெரியாறு வழித்தடத்தைக் காரணம் காட்டித்தான் 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலையோ அம்பரப்பர் என்று சாமி பெயரிலேயே அழைக்கப்படுவது. காடு, தண்ணீர், மலை பற்றிக் கவலைப்படுகிற ஒருவர் அதைச் சொல்லத் தெரியாமல், வாட்ஸ்அப்பில் வந்த ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லைக் கையில் எடுத்திருக்கலாம். கதிர்வீச்சை மட்டும் அடித்து நொறுக்கிவிட்டு ஜெயித்தோம் என்று நினைத்தால் அவர் கேள்வி அப்படியே நிற்கிறது. “கதிர்வீச்சு இல்லை. ஆனால் வெடிவைப்பு, புலி வழித்தடம் பற்றிக் கேட்பது நியாயம்” என்று எழுதுகிற ஆள் எங்கள் கண்ணில் படுவது அபூர்வம். நீங்கள் அந்த ஆளாக இருக்கலாம்.

இனி மகரவிளக்கு. இங்கே உண்மை உங்கள் பக்கம் இருந்தும் தோற்றீர்கள்.

2011 ஜனவரி 14 அன்று மகரஜோதி தரிசனம் முடிந்து திரும்பிய கூட்டம் புல்மேட்டில் நெரிசலில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். வண்டிப்பெரியாறு பக்கம், உங்களுக்குத் தெரியாத இடமில்லை. அதன் பிறகு கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, சபரிமலைக்கு எதிரே உள்ள பொன்னம்பலமேட்டில் விளக்கை ஏற்றுவது மனிதர்கள்தான் என்று, கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 2008இல், கோயிலின் தந்திரி (தலைமைப் பூசாரி) கண்டரரு மகேஸ்வரரு தரப்பிலிருந்து விளக்கம் வந்தது: மகரஜோதி என்பது வானில் தோன்றும் நட்சத்திரம், மகரவிளக்கு என்பது பொன்னம்பலமேட்டில் ஏற்றப்படும் தீபம். ஆக இது நாத்திகர் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. கோயில் தரப்பே சொன்னது. உங்கள் எதிராளி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது மூன்றே வரி: “ஜோதி நட்சத்திரம், விளக்கு தீபம், இரண்டும் வேறு. விளக்கை மனிதர்கள் ஏற்றுகிறார்கள் என்று 2011இல் தேவஸ்வம் போர்டே கோர்ட்டில் சொல்லியிருக்கிறது. தானாகத் தோன்றுகிறது என்று கோயிலே சொல்லவில்லை.” இதோடு நிறுத்தியிருந்தால் உங்கள் அப்பா உட்பட எவரும் மனம் நோக வேண்டியதில்லை. ‘கும்பிடுறவன் ஏமாளி’ என்ற அடுத்த வரி வேறு கட்சிக்குத் தாவுகிறது. யார் ஏற்றினார்கள் என்பதிலிருந்து, அது கும்பிடத் தக்கதா என்பதற்கு எந்த வழியும் இல்லை. திருவண்ணாமலையில் கார்த்திகை அன்று மலைமேல் கொப்பரையைச் சுமந்து போய், நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அதைப் பார்த்து ‘அரோகரா’ சொல்கிறவர் எவரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. எந்தக் கோயில் விளக்கையும் ஒரு கை ஏற்றத்தான் செய்கிறது. உங்கள் அப்பா 22 வருஷம் விரதம் இருந்தது, விளக்கை ஏற்ற ஆள் இல்லை என்று நம்பியா, அல்லது அதைப் பற்றிக் கவலையே படாமலா? நீங்கள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

பொதுவில் பேச வேண்டிய விஷயமும் அதிலேயே இருக்கிறது. இருட்டில், மலைச் சரிவில், ஒரே நிமிஷத்தில் பல ஆயிரம் பேர் ஒரே பக்கம் திரும்பி, பிறகு ஒரே சமயம் இறங்குகிறார்கள். 1999 ஜனவரி 14 அன்றும் பம்பையில் இதே மகரஜோதி நாளில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கும் வழி எத்தனை, விளக்கு எத்தனை, வண்டியை எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கேட்டால் பக்தரும் உங்களோடு சேர்ந்து கேட்பார்.

எல்லைக்காரர்கள் என்பதால் ஒரு சங்கதி. உங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில் எழுதுகிறார்கள், நீங்கள் மொழிபெயர்ப்புப் பட்டனை அழுத்திப் படிக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியவற்றில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய சண்டையின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. அதில் அந்த இடுக்கிக்காரர் ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பது “டாமிலெ வெள்ளம்” என்று. அணையிலுள்ள தண்ணீர் என்று அர்த்தம். ஆங்கில எழுத்தில் எழுதியதை அந்தப் பட்டன் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நீங்கள் தமிழ்க் காதால் படித்து, வெள்ளம் வருமென்று மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு பாய்ந்திருக்கிறீர்கள். மலையாளத்தில் ‘சம்சாரிச்சு’ என்றால் பேசினான், அவ்வளவுதான். ‘பட்டி’ என்றால் அங்கே நாய். நம்ம பக்கம் காமயகவுண்டன்பட்டி, புதுப்பட்டி என்று நாலு அடிக்கு ஓர் ஊர். இதை வைத்து யார் யாரைத் திட்டினார்கள் என்றே புரியாமல் நடக்கும் சண்டைகள் ஏராளம். குமுளியில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகு எழுதுங்கள். முல்லைப் பெரியாறு விவாதத்தில் இது கட்டாயம். 2011 டிசம்பரில் கம்பம்–குமுளி ரோடு அடைபட்டதும், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன நம் பெண்கள் பயந்து ஊர் திரும்பியதும் உங்கள் நினைவில் இருக்கும். அணை விஷயத்தில் ஒரு தப்பான கமெண்ட் கமெண்டோடு நிற்காது.

எழுதும் முறையைச் சொல்கிறேன். கமெண்ட் பெட்டிக்குள் நேரடியாக எழுதவே கூடாது. போனில் நோட்ஸில் எழுதி, இருபது நிமிஷம் கடையில் வேறு வேலை பாருங்கள். ஒரு டிஸ்ப்ளே மாற்றும் நேரம். திரும்பி வந்து, எதிராளியைக் குறிக்கும் பெயர்ச்சொல் எல்லாவற்றையும் அடியுங்கள்: முட்டாள், சங்கி, ஊபி, கிறுக்கன், எதுவானாலும். மிஞ்சுவதுதான் உங்கள் பதில். சில நாள் ஒன்றும் மிஞ்சாது, அப்போது அனுப்ப வேண்டியதில்லை. முதல் வரியில் சரியான தகவல், அடுத்து அவர் சொன்னதில் எது தப்பு என்று ஒரே தடவை, கடைசியில் மறுபடி சரியான தகவல். பொய்யைத் தலைப்பில் வைத்து நாலு தடவை திருப்பிச் சொன்னால், மேலோட்டமாகப் படிக்கிறவருக்குப் பொய்தான் மனசில் நிற்கும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

படம் காட்டி வாதாடினால் முதலில் படத்தைச் சோதியுங்கள். அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படம் என்றால் எந்த வருஷம், எந்த ஊர் என்று பெரும்பாலும் வந்துவிடும். வீடியோ என்றால் ஊரோ போர்டோ தெரிகிற ஃப்ரேமில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். ஓரம் வெட்டியதோ இடவலம் திருப்பியதோ சிக்காமல் போகலாம். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தேடுங்கள். ஏஐ செய்த படத்துக்குப் பழைய மூலம் கிடைக்காது. கடை போர்டில் தமிழ், மலையாள எழுத்து குழம்பிக் கிடக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அதேபோல் ஏஐயிடம் கேட்டு ஆய்வுக் கட்டுரைப் பெயர் வாங்கி ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு அது அழகான தலைப்பு கொடுக்கும். தலைப்பைத் தேடி, கட்டுரையின் சுருக்கத்தையாவது கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஒரு ஆளுக்கு இரண்டு பதில்தான். முதல் பதிலில் தகவல், இரண்டாவதில் அவர் எழுப்பிய நியாயமான கேள்விக்கு விளக்கம். மூன்றாவதாக எழுதத் தோன்றினால் பெரும்பாலும் அது படிக்கிறவருக்காக இருக்காது, உங்கள் மானத்துக்காக இருக்கும். “நான் சொல்ல வேண்டியது சொல்லிவிட்டேன்” என்று ஒரு வரி போட்டுவிட்டு அந்தப் பதிவின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். விவாதத்துக்குள் இறங்குமுன்பே கேட்கக்கூடிய ஒரு கேள்வியும் உண்டு: “எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” “எதைக் காட்டினாலும் மாட்டேன்” என்று வந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். உங்களிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள், பதிலோடு இருங்கள்.

ராத்திரி பத்துக்கு மேல் கமெண்ட் எழுத வேண்டாம். முகமும் குரலும் தெரியாதபோது, வாயில் வராத வார்த்தையும் கையில் வந்துவிடும். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். தூக்கமும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். கடைக்காரருக்கு அலாரம் கடிகாரம் வாங்கச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் வாங்குங்கள். இதைச் செய்தும் வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் தூக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தால் அது கமெண்ட் பிரச்சினை இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

வழக்கு பற்றி. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 299ஆவது பிரிவு, மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு இழிவுபடுத்துவதற்கு மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. உங்கள் கமெண்டின் முதல் பாதி, கோர்ட்டில் சொல்லப்பட்ட தகவல். இரண்டாம் பாதி வசவு. புகார் கொடுக்க நினைப்பவருக்கு அந்தப் பாதிதான் பிடி. யாராவது ‘66ஏ’ என்று மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். சம்மன் ஏதாவது வந்தால் கமெண்டில் பதில் எழுதாமல் வக்கீலிடம் போங்கள். திட்டிய போனைப் பொறுத்தவரை, எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், திருப்பி அழைக்காதீர்கள். மறுபடி வந்தால் தேனி சைபர் கிரைம் காவல் நிலையம், அல்லது தேசிய சைபர் கிரைம் போர்ட்டல். கடை பெயரும் நம்பரும் உள்ள ப்ரொஃபைலில் இருந்து விவாதம் செய்வதை இன்றே நிறுத்துங்கள். டெம்பர் கிளாஸ் ஒட்ட வருகிறவருக்கு உங்கள் நியூட்ரினோ நிலைப்பாடு தேவையில்லை.

அப்பா விஷயம். ‘நான் எழுதியது உண்மைதானே’ என்று அவரிடம் ஆரம்பிக்காதீர்கள். அவர் கோபம் முதல் பாதிமேல் இல்லை. கமெண்டின் கீழே, எல்லோரும் பார்க்க, இப்படிப் போடுங்கள்: “விளக்கை மனிதர்கள் ஏற்றுகிறார்கள் என்பது தேவஸ்வம் சொன்ன தகவல். கும்பிடுகிறவர்களை ஏமாளி என்று எழுதியது என் தப்பு.” ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவருக்கு இதையும் அனுப்பத் தோன்றாது. ஆகவே நீங்களே போனை எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டுங்கள், அம்மா மூலமாக வேண்டாம். அவர் உடனே பேசாமல் போகலாம். இரண்டு நாள் விட்டு, பெரிய பாதையா, புல்மேட்டு வழியா, முதல் வருஷம் எதில் போனார் என்று கேளுங்கள். மலைக்குப் போய்வந்தவர்கள் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் இருப்பது கஷ்டம்.